பேஸ் கிட்டார் கேட்கவில்லையா? அம்ப் வாங்க அவசரப்பட வேண்டாம்

கேள்வி: அன்புள்ள ஐயா, களுவாஞ்சிகுடியில் நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்துகிறோம். எல்லோருக்கும் வேறு தொழில் இருக்கிறது. கலியாண வீடு, பாடசாலை விழா, கோயில் திருவிழா என்று மாதத்தில் ஓரிரு நிகழ்ச்சிகள் கிடைக்கும். நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஜாஸ் பேஸ் வடிவில் செய்த மலிவான நாலு தந்திக் கிட்டார், 60 வோட் அம்ப். வீட்டில் வாசிக்கும்போது அருமையாக இருக்கிறது. மேடையில் எனக்கே கேட்பதில்லை. கூட்டத்தில் நின்றவர்களைக் கேட்டால், "தும் தும் என்று ஒரு முழக்கம் மட்டும் வருகிறது" என்கிறார்கள். கீபோர்ட் வாசிக்கும் நண்பர், "என் இடது கையே போதும், பேஸ் எதற்கு?" என்று பகிடி விடுகிறார். கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தான் 300 வோட் அம்ப் அல்லது ஐந்து தந்தி பேஸ், இரண்டில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை வாங்கலாம்? போன திருவிழாவில் பின்னணி பாட மைக்கிற்கு அருகில் போனபோது உதட்டில் கரண்ட் அடித்தது. சவுண்ட் போட்டவர் "அது வழமைதான்" என்றார். நீண்ட நிகழ்ச்சி என்றால் விரல் நுனியில் கொப்புளமும் போட்டுவிடுகிறது. — ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, அம்பைப் பற்றிப் பேசுமுன் உதட்டில் அடித்த கரண்டைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தின் அடியில் போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி. அது வழமையல்ல. 1972ஆம் ஆண்டு வேல்ஸின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற ஸ்கொட்லாந்துக் கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக் ஒன்றை மேடையில் தொட்டு இறந்துபோனார். "சின்ன அடிதானே" என்று சிரிப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடி சின்னதா பெரிதா என்பதை அன்றைய ஈரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது: வியர்த்த கை, மழையில் ஊறிய மேடைப் பலகை, வெறுங்கால். கோயில் வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வாசிக்கிறோம்.

உங்கள் கிட்டாரின் தந்திகள், உள்ளே ஓடும் ஒரு சிறு வயரால் கேபிளின் வெளியுறையோடும், அதன் வழியே அம்பின் உலோக உடலோடும் இணைந்திருக்கின்றன. மைக்கின் வலைமூடி அதேபோல, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சரோடு இணைந்திருக்கிறது. அம்ப் மண்டபத்துப் பிளக்கிலும் மிக்சர் ஜெனரேட்டரிலும் ஓடும்போது, அல்லது இரண்டில் ஒன்றின் எர்த் எங்கோ அறுந்துகிடக்கும்போது, அந்த இரு உலோகங்களுக்கும் இடையில் மின்னழுத்தம் நிற்கும். தந்தியில் விரலும் வலைமூடியில் உதடும் பட்ட அந்த நொடியில் சுற்றை முடித்துவைப்பது நீங்கள்தான். மின்சாரம் போகும் வழியில் நெஞ்சு இருக்கிறது.

ஆகவே மேடையில் இருக்கும் அம்ப், கீபோர்ட், ஒக்டபேட் (தட்டி வாசிக்கும் மின் தாளக் கருவி), மிக்சர் எல்லாம் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். அந்த இணைப்பின் தலையில், மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இணைப்பு சரியா என்பதை மின்வேலை தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை விலக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடித்தால் குற்றமில்லை. பாடுமுன் ஒரு டெஸ்டரை வலைமூடியிலும் தந்தியிலும் வைத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தாலும் வாயை அருகில் கொண்டுபோக வேண்டாம். எரியவில்லை என்பதை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டவும் வேண்டாம். அன்றைக்குத் திருத்த வழியில்லாவிட்டால் பின்னணிக் குரலுக்குப் பாற்றரியில் ஓடும் வயரில்லா மைக்கைக் கேளுங்கள். மைக்கில் வயர் இல்லையென்றால் மைக் வழியே மின்சாரம் திரும்பிப்போக வழியில்லை; ஈரத் தரையில் நிற்கும் வெறுங்கால் வழியே போகும் ஆபத்து அப்போதும் உண்டு. அதுவும் கிடைக்காவிட்டால் அன்று பாடாமல் வாசித்துவிட்டு வாருங்கள்; தந்தியிலேயே டெஸ்டர் எரிந்தால் வாசிக்கவும் வேண்டாம்.

இனி அம்ப். 300 வோட் வேண்டாம், ஐந்து தந்தியும் வேண்டாம். அத்தானின் காசில் மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் குறை வோட்டில் இல்லை.

60இலிருந்து 300 என்பது ஐந்து மடங்கு. காதுக்கு அது ஐந்து மடங்காகப் படாது. அந்த உயர்வு ஏழு டெசிபல் மட்டுமே; ஒரு சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கே ஏறத்தாழ பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு வோட், தேவைப்படுகிறது. வோட்டைவிட ஸ்பீக்கரின் அளவும் பெட்டியின் அமைப்பும்தான் அடிச்சுரத்துக்கு அதிகம் உதவும் என்பது வேறு கதை. அதற்கும் மேலாக, மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவர் உங்கள் அம்பைக் கேட்பதே இல்லை. அவர் கேட்பது வாடகைக்கு வந்த சவுண்ட் சிஸ்டத்தை. இப்போது வருகிற "தும் தும்" பெரிய அம்பில் இன்னும் பெரிய "தும் தும்" ஆகும். அவ்வளவுதான்.

வீட்டில் அருமையாகக் கேட்டது மேடையில் ஏன் கெடுகிறது? 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காது ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். மெதுவான ஒலியில் காது அடிச்சுரங்களை மிகக் குறைவாகவே பிடிக்கிறது. சத்தம் ஏற ஏற அந்தக் குறை மறைகிறது. அயலவர் ஏசாத அளவுக்கு மெதுவாக அறையில் வாசிக்கும்போது உங்களுக்கு அடி போதாமல் தெரியும். உடனே அம்பில் பேஸ் குமிழை ஏற்றுவீர்கள். நடு ஒலிக்கான மிட் குமிழை இறக்குவீர்கள், அப்போதுதான் ஒலி மெத்தென்று இனிமையாக இருக்கும். அதே அமைப்போடு மேடைக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டியதும், ஏற்றிவைத்த அடியெல்லாம் முழக்கமாகக் கிளம்புகிறது. இறக்கிவைத்த நடுவோ, பாடகரும் கீபோர்ட்டும் தவிலும் நிற்கும் இடத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

நடு ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். உங்கள் தடித்த ஈ தந்தியைத் திறந்து, அதாவது எங்கும் அழுத்தாமல், தட்டினால் அதன் அடிப்படை அதிர்வு 41 ஹேர்ட்ஸ். நம் ஊரில் வாடகைக்கு வரும் பல ஸ்பீக்கர் பெட்டிகளால் அதை உள்ளபடி தர முடியாது. ஆனாலும் சுரம் கேட்கிறது. தந்தி 41இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று மேலே மேலே துணை அதிர்வுகளையும் கிளப்புகிறது. அவற்றைக் கேட்டே மூளை அடியில் இருக்க வேண்டிய சுரத்தைக் கணித்துக்கொள்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும்போதும் பேஸ் எந்தச் சுரத்தில் ஓடுகிறது என்று சொல்ல முடிவது இதனால்தான். "முழக்கம் மட்டும் வருகிறது" என்று கூட்டத்தில் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்: அவர்களுக்கு அடி போய்ச் சேர்ந்திருக்கிறது, மேலே வர வேண்டிய துணை அதிர்வுகள் போய்ச் சேரவில்லை.

அடுத்த நிகழ்ச்சியில் ஒன்று செய்து பாருங்கள். அம்பில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்துங்கள். பேஸ் குமிழை இன்னும் ஒரு படி கீழே இறக்குங்கள். மிட் குமிழை மட்டும் ஏற்றுங்கள். எந்த அதிர்வெண்ணில் ஏற்றுவது என்று தெரிவுசெய்யும் வசதி அம்பில் இருந்தால் 600இலிருந்து 800 ஹேர்ட்ஸுக்குள் வையுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் ஒரு மாதிரியாக இருக்கும், உங்களுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் குழுவோடு சேர்ந்து ஒரு பாட்டு முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். தனியே இனிக்கிற பேஸ் ஒலியும் குழுவுக்குள் கேட்கிற பேஸ் ஒலியும் ஒன்றல்ல.

கிட்டாரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஜாஸ் பேஸ் வடிவக் கிட்டார்களில் இரண்டு பிக்அப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தப் பகுதி), இரண்டு வொலியூம் குமிழ். இரண்டையும் முழுதாகத் திறந்தால் மின் இரைச்சல் ஒன்றையொன்று அணைத்துவிடும், ஆனால் நடு ஒலியும் கொஞ்சம் குழிந்துவிடும். ஒரு குமிழைச் சற்றுப் பின்னால் திருப்பினால் நடு முன்னே வரும், இரைச்சலும் சற்றே எட்டிப்பார்க்கும். எனக்கு அந்தப் பேரம் பிடித்தமானது. நிகழ்ச்சி ஓடும்போது அந்தச் சிறு இரைச்சல் யாருக்கும் கேட்கப்போவதில்லை.

உங்களுக்கே கேட்கவில்லை என்பதற்குக் காசு செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. அம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு உறுதியான கதிரையில் வைத்து, காதைப் பார்க்கச் சற்றுச் சாய்த்துவிடுங்கள். தரையில் இருக்கும் அம்ப் உங்கள் முழங்காலுக்குத்தான் பாடுகிறது. சுரத்தைக் காட்டும் மேல் ஒலி நேர்கோட்டில் போகும் இயல்புடையது. அது கால்களைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய்விடுகிறது, அடி ஒலி மட்டும் எல்லாப் பக்கமும் பரவி உங்களைச் சூழ்கிறது. சுவர் மூலையில் மட்டும் அம்பை வைக்க வேண்டாம். அங்கே அடி ஒலி திரண்டு இன்னும் முழங்கும்.

தகரக் கூரையும் வெறும் சீமெந்துச் சுவரும் உள்ள கலியாண மண்டபத்துக்கும் கோயில் வீதிக்கும் ஒரே அமைப்புப் பொருந்தாது. மண்டபத்தில் அடி ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். அங்கே பேஸைக் குறைத்து, வாசிக்கும் சுரங்களையும் குறைக்க வேண்டும். திறந்த வெளியில் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை. கொக்கட்டிச்சோலையிலோ மாமாங்கத்திலோ வெளி வீதியில் மேடை போட்டால் அடி ஒலி கடற்காற்றோடு போய்விடும். அங்கே பேஸைக் கொஞ்சம் ஏற்றலாம்.

இனி அத்தானின் பட்டியலுக்கு வருவோம். முதலில் ஒரு நல்ல டி.ஐ. பெட்டி. உள்ளங்கை அளவு, அந்த அம்பின் விலையில் ஒரு சிறு பங்கு, விமானத்தில் கைப்பையிலேயே வந்துவிடும். 300 வோட் அம்பை அவர் எப்படிக் கொண்டுவருவார் என்று யோசித்தீர்களா தெரியவில்லை. பாற்றரி போடாத சாதாரண பேஸ் கிட்டாரின் சமிக்ஞை பலவீனமானது. ஆறு ஏழு மீற்றருக்கு மேல் கேபிள் நீண்டால் அதன் மேல் ஒலி மங்கி, இரைச்சல் ஏறும். டி.ஐ. பெட்டி அதை நீண்ட வயரில் கெடாமல் போகும்படி மாற்றி மிக்சருக்கு நேரே அனுப்புகிறது. அம்ப் மேடையில் உங்கள் காதுக்கு மட்டும், கூட்டத்துக்கு டி.ஐ. வழி. இது ஏழைக்கேற்ற ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். டெட்ராய்ட்டின் மோட்டவுன் கலையகத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் வாசித்த பேஸ், அம்பின் முன் மைக் வைக்காமல் நேரே பதிவுப் பலகைக்குள் செலுத்தப்பட்டது. அவர் வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசித்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உங்கள் கொப்புளத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

உங்கள் கிட்டாருக்கு அக்டிவ் வகை டி.ஐ.தான் பொருத்தம். அது மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட்டில் ஓடும். மிக்சரில் அந்த வசதி இல்லாத நாளுக்கு, பாற்றரியிலும் ஓடக்கூடியதாக வாங்கச் சொல்லுங்கள். பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். இரைச்சல் வந்தால் அதைத் தட்டுங்கள். அது சமிக்ஞை வயரின் வெளியுறை இணைப்பை மட்டும் விடுவிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை. பிளக்கின் முள்ளைப் பிடுங்குபவர்களுக்கு இந்தச் சுவிட்சைக் காட்டுங்கள். இரைச்சல் மின்சாரத்திலிருந்து வருகிறதா என்று அறிய ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் பிரெட்டில் (பிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) உள்ள ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். இரைச்சல் பலமாக இருக்கும்போது அந்த ஜியை மெதுவாக நீட்டி வாசித்தால், ஒலி நொடிக்கு ஒரு தரம் அலைபோல ஏறி இறங்கும். அப்படி ஏறி இறங்கினால் தேட வேண்டிய இடம் வயரும் பிளக்கும், கிட்டார் அல்ல.

கூடவே நல்ல கேபிள்கள் இரண்டு, பெடல் வடிவ டியூனர் ஒன்று, தந்தித் தொகுதி இரண்டு. இவ்வளவுக்கும் பிறகு அந்த அம்புக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி மிஞ்சும். அதை அத்தானின் விடுமுறைக்கே விட்டுவிடுங்கள்.

கீபோர்ட் நண்பரின் பகிடிக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. முழக்கத்துக்கு இன்னொரு காரணமும் அங்கேதான் இருக்கிறது. அவர் வாசிப்பது ஸ்டைல் ஓடும் கீபோர்ட் என்று நினைக்கிறேன், நம் பக்கத்துக் குழுக்களில் பெரும்பாலும் அதுதான். ஸ்டைலை ஓடவிட்டால் தாளத்தோடு ஒரு பேஸும் தானாக ஓடும். அதற்கு மேல் அவருடைய இடது கை. அதற்கும் மேல் நீங்கள். ஒரே இடத்தில் மூன்று பேஸ் மோதினால் எந்த சவுண்ட்காரராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. இந்தக் கீபோர்ட்களில் ஸ்டைலின் பேஸ் பகுதியை மட்டும் தனியே நிறுத்த முடியும். தாளம் தொடர்ந்து ஓடும். நண்பரோடு அமர்ந்து அந்தப் பொத்தானைக் கண்டுபிடியுங்கள். இடது கையை ஓர் எட்டுச்சுரம் மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஒரு பாட்டைப் பழையபடியும் அடுத்து இந்த ஏற்பாட்டிலும் வாசித்து, மண்டபத்தின் நடுவில் வைத்த கைப்பேசியில் பதிவுசெய்து இருவருமாகக் கேளுங்கள். கைப்பேசி அடி ஒலியை அவ்வளவாகப் பிடிக்காது என்பதே நமக்கு வசதி: அதில் உங்கள் பேஸின் சுரங்கள் தெளிவாகக் கேட்டால் மண்டபத்திலும் கேட்கும்.

அதே கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. பேஸ் வாசிப்பவர்களின் நிம்மதியைக் கெடுக்கும் பொத்தான். பாடகர் இரண்டு கட்டையில் பாட வேண்டும் என்பார். நண்பர் பொத்தானை அழுத்திவிட்டு, விரலைப் பழைய சி இடத்திலேயே வைத்து உங்களிடம் "சி" என்பார். வெளியே வரும் சுரமோ டி. மேடையில் ஒலிக்கும் சுரத்தைத்தான் சொல்ல வேண்டும், விரல் இருக்கும் இடத்தை அல்ல என்று குழுவில் இன்றே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உங்கள் பங்குக்குத் திறந்த தந்திகளை நம்பாமல் வாசிக்கப் பழகுங்கள். எல்லாச் சுரத்தையும் பிரெட்டில் அழுத்தி வாசித்தால், பாடகர் கட்டையை மாற்றும்போது கை அதே வடிவத்தில் இரண்டு பிரெட் நகர்ந்தால் போதும். திறந்த தந்தியில் பழகியவர் அங்கே திண்டாடிப்போவார்.

கை விடயத்தில் நான் அதிகம் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: சுரத்தைத் தொடங்குவதுபோல் முடிப்பதையும் நீங்களே செய்ய வேண்டும். புதியவர்கள் தட்டுவதில் கவனமாக இருப்பார்கள், தட்டியதை எப்போது நிறுத்துவது என்று யோசிப்பதில்லை. அடுத்த சுரம் வரும்வரை முதல் சுரம் ஓடிக்கொண்டே இருக்கும், தொடாத தந்திகளும் சேர்ந்து அதிரும். வாசிக்கும் தந்திக்குக் கீழ்ச்சுரத் தந்தியில் வலது கைப் பெருவிரலைச் சாய்த்து வைத்து அதை அடக்குங்கள். இடது கை விரலைப் பிரெட்டிலிருந்து தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சுரம் சுத்தமாக நிற்கும். ஒக்டபேட்டில் ஓடும் கிக் என்ற கனத்த டிரம் ஒலியோடு உங்கள் சுரம் சேர்ந்து தொடங்கி, ஸ்நேர் என்ற கூரிய டிரம் ஒலி விழும் இடத்தில் நின்றுவிடட்டும். ஒரு பாட்டை இப்படி வாசித்துப் பாருங்கள். யாரும் எந்தக் குமிழையும் தொடாமலே முழக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போகும். ஒக்டபேட் வாசிப்பவரோடு நீங்கள் இருவர் மட்டும், வேறு யாரும் இல்லாமல், வாரத்தில் ஒருநாள் அமர்வது குழுப் பயிற்சியைவிட அதிகம் பயன் தரும்.

திரைப்பாடல்களில் பேஸ் என்றால் எல்லோரும் இளையராஜாவிடம் போகிறோம், சரிதான். அவருடைய 1980களின் பாடல்கள் பலவற்றில் பேஸ் பாட்டுக்குக் கீழே தனியொரு மெட்டாக ஓடுகிறது. ஹெட்ஃபோனில் கேட்டு, முதலில் வாயால் பாடி, பிறகு விரலுக்குக் கொண்டுவாருங்கள். வாயில் வராத வரி விரலிலும் சரியாக வராது. ஆனால் அந்த வரியை ஒரு சுரமும் விடாமல் தகரக் கூரை மண்டபத்தில் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அங்கே பாதியை விட்டு, கட்டான சுரங்களை மட்டும் வாசித்தால்தான் மெட்டுத் தெரியும். பைலா வந்தால் வேறு மனநிலை வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர் வழியாக நம் மண்ணிலேயே வேர்விட்ட நடை அது, ஆறு எண்ணிக்கை கொண்ட ஆறு எட்டுத் தாளத்தில் துள்ளும். ஒன்றிலும் நாலிலும் ஊன்றி, ஆறில் ஒரு குட்டிச் சுரம் போட்டு அடுத்த ஒன்றுக்குள் தள்ளிவிடுங்கள். ஆடுபவர்களின் காலைப் பாருங்கள். நடை சரியா என்று கால் சொல்லிவிடும்.

ஐந்து தந்தியை ஏன் வேண்டாம் என்றேன்? அந்த ஐந்தாம் தந்தியின் பி சுரம் 31 ஹேர்ட்ஸ். 41ஐத் தரவே திணறும் பெட்டியில் 31 என்னவாகும் என்று நீங்களே பாருங்கள். இரண்டு கட்டைப் பாட்டுக்குக் கீழே ஒரு டி வேண்டுமென்றால், ஈ தந்தியை இரண்டு அரைச்சுரம் தளர்த்தி டிக்குக் கொண்டுவாருங்கள். செலவில்லை. அந்தத் தந்தியில் மட்டும் எல்லாச் சுரமும் இரண்டு பிரெட் மேலே போகும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மலிவான கிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். மலிவு குற்றமல்ல, பராமரிக்காததுதான் குற்றம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நம் ஊரில் உப்புக்காற்றுத் தந்தியைச் சும்மா விடாது. வாசித்து முடித்தவுடன் ஒவ்வொரு தந்தியையும் பழைய பருத்தித் துணியால், அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்த பிறகே பையில் வையுங்கள். பழைய பாடல்களை அதிகம் வாசிக்கிறீர்கள் என்றால் ஃபிளாட்வூண்ட் தந்தி ஒரு தொகுதி போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு வழுவழுப்பானது, அழுக்குத் தங்க இடுக்குகள் இல்லை, ஆண்டுக்கணக்கில் உழைக்கும், விரலுக்கும் இதம். புதுப் பாடல்களில் வரும் கணீரென்ற ஒலி மட்டும் அதில் கிடைக்காது.

கச்சான் காற்றடிக்கும் மாதங்களிலும் மாரியிலும் கிட்டாரின் கழுத்து ஒரேமாதிரி நிற்பதில்லை. மரம் காய்வதும் ஈரம் குடிப்பதுமாக இருக்கும். ஈ தந்தியை முதலாம் பிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் பிரெட் அருகே தந்திக்குக் கீழே பாருங்கள். ஒரு தடித்த அழைப்பிதழ் அட்டை நுழையும் இடைவெளி, ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீற்றர், இருந்தால் போதும். அதைவிட அதிகமென்றால் கழுத்து வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் கீழ்ப் பிரெட்களில் தந்தி கரகரக்கும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைப் பொருத்தமான சாவியால் ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஓர் இரவு விட்டு மறுநாள் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பலம் பிரயோகிக்காமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கொப்புளத்துக்கு மருந்து எழுதுமளவுக்கு அதில் ஒன்றுமில்லை. உங்களுக்கே கேட்காததால் அளவுக்கு மீறி ஓங்கித் தட்டுகிறீர்கள். கதிரையில் ஏறிய அம்பும் ஏற்றிவைத்த நடுவும் கைக்கு ஓய்வு கொடுக்கும். நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் நாளுக்கு அரை மணி நேரமாவது நின்றபடி வாசியுங்கள். அமர்ந்து மட்டும் பழகிய கை மேடையில் வேறு கோணத்தில் தந்தியைப் பிடிக்கும். போட்ட கொப்புளத்தை உடைக்க வேண்டாம். அது ஆறும்வரை பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்து வாசியுங்கள். பேஸை விரலால்தான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.